பாதைக்கரையில் நிற்கிறவர்கள் ரயில் தொடர் பார்க்கும்போது

தம்பி, உங்கள் கேள்வியை முதலில் இங்கே எழுதிவிடுகிறேன், அப்போதுதான் நான் எதற்குப் பதில் சொல்கிறேன் என்று மற்றவர்களுக்கும் புரியும். ரயில் பார்த்து எஞ்சின் எண்ணைக் குறித்து வைக்கிறவர்களைப் பற்றி இங்கிலாந்தில் ஒரு தொலைக்காட்சித் தொடர் வந்தது, அதைப் பார்த்துச் சிலர் உருகிப் போகிறார்கள், சிலர் ஐந்து நிமிடத்தில் "இதுல என்னா இருக்கு" என்று மாற்றிவிடுகிறார்கள், உங்கள் வீட்டில் போட்டுக் காட்டினால் அப்பாவும் அம்மாவும் இரண்டும் இல்லாமல் வேறு எதையோ பேசினார்கள், ஏன் அப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். இலங்கையில் கொழும்பில் இருந்து மலையேறிப் பதுளைக்குப் போகிற நம்ம ரயில் பாதையை வைத்து ஒருவர் தொடர் எடுத்தால் அதில் என்ன இருக்க வேண்டும் என்பது இரண்டாவது கேள்வி.

நான் கொட்டகலைக்குப் பக்கத்தில், கோச்சி ரோட்டுக்கு, அதாவது ரயில் பாதைக்கு மேலே இருக்கிற ஒரு லயத்தில், தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டில், பிறந்து வளர்ந்தவன். ஹட்டனில் இருந்து வருகிற கோச்சி சிங்கமலைச் சுரங்கத்துக்குள் போய், அரை கிலோமீற்றருக்கு மேல் இருட்டில் ஓடி, வெளியே வந்தால் எங்கள் பக்கம். பள்ளிக்கூட நாளில் இருந்து கொப்பியில் எஞ்சின் எண் எழுதுகிறேன், இன்றைக்கும் எழுதுகிறேன். என் தாய்மாமா ரயில் ரோட்டு வேலை செய்து ஓய்வு பெற்றவர். அந்தத் தொடரை எங்கள் வீட்டிலும் போட்டுக் காட்டினேன், நீங்கள் சொன்னது போலவே நடந்தது, அதற்கப்புறம் இதைப் பற்றி நிறைய யோசித்திருக்கிறேன்.

ரயில் நிகழ்ச்சி இரண்டு விதம். வண்டிக்குள் உட்கார்ந்து ஜன்னல் வழியே வெளியே பார்ப்பது ஒன்று. வெளியே நின்று, போகிற வண்டியைப் பார்ப்பது இன்னொன்று. நம்ம மலையகத் தோட்டத்து ஆட்கள் 140 வருசமாக அந்த இரண்டாவது இடத்தில் நிற்கிறவர்கள். மற்றதெல்லாம் இதில் இருந்துதான் வருகிறது.

தொடரைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். 2016 ஜூலையில் பிபிசி ஃபோர் அலைவரிசையில் ட்ரெயின்ஸ்பொட்டிங் லைவ் என்ற பெயரில் மூன்று இரவுகள் நேரடியாகப் போனது. பழைய நீராவி எஞ்சின்களைப் பாதுகாத்து வைத்திருக்கிற டிட்கொட் ரயில்வே சென்டர்தான் களம். பீட்டர் ஸ்னோ என்ற மூத்த ஒளிபரப்பாளர் நடத்தினார், கூடவே கணித வல்லுநர் ஹன்னா ஃப்ரை, பொறியியல் தெரிந்த டிக் ஸ்ட்ரோபிரிஜ், ரயில் வரலாற்றில் ஊறிய டிம் டன் இருந்தார்கள். பார்க்கிறவர்கள் தங்கள் ஊர் பிளாட்போமில், பாலத்தில் நின்று கண்ட வண்டிகளை அனுப்பிவைக்கலாம். ஒரு சரக்கு வண்டி எத்தனை மணிக்கு எந்த இடத்தைக் கடக்கும் என்று பெரியவர்கள் நான்கு பேர் சந்தோசமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள், அவ்வளவுதான் நிகழ்ச்சி.

இதை ஐந்து நிமிடத்தில் மாற்றியவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர்களுக்கு அந்த வண்டி முன்பின் தெரியாத வண்டி. முன்பின் தெரியாத ஒருவருடைய கல்யாண அல்பத்தை எவ்வளவு நேரம் புரட்டுவீர்கள்? ஆனால் அந்த ஊரில் வளர்ந்து, பத்து வயசில் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு பாலத்தில் நின்ற ஆள் அதே வண்டியைப் பார்க்கும்போது எண்ணைப் படிப்பதில்லை, அந்தக் கையைப் பார்க்கிறார். எண் குறிப்பதைப் பைத்தியக்கார வேலை என்று நினைக்கிறவர்கள் தவறவிடுகிற விசயம் இதுதான். எண் என்பது பெயர். பெயர் தெரிந்தால் மட்டும்தான் "இது அன்றைக்கு வந்த அதே வண்டி" என்று சொல்ல முடியும். பெயர் தெரியாவிட்டால் எல்லாமே ஏதோ ஒரு ரயில்.

அங்கே இந்தப் பழக்கம் ஊரெல்லாம் பரவிய விதமும் அழகானது. 1942இல் லண்டனில், சதர்ன் ரயில்வே அலுவலகத்தில் வேலை பார்த்த இயன் அலன் என்ற இளைஞர், எஞ்சின்களைப் பற்றி விவரம் கேட்டு வருகிற கடிதங்களுக்கு ஒவ்வொன்றாகப் பதில் எழுதுவதற்குப் பதிலாக, அந்தக் கம்பனியின் எஞ்சின் எண்கள் எல்லாவற்றையும் ஒரு சின்னப் புத்தகமாகப் போட்டார். பையன்கள் அதை வாங்கி, கண்ணால் கண்ட எண்ணுக்குக் கீழே கோடு போட்டார்கள். யுத்தம் நடக்கிற நேரத்தில், கையில் காசில்லாத பிள்ளைகளுக்கு அது பெரிய சந்தோசமாக இருந்திருக்க வேண்டும்.

நமக்கு அப்படி யாரும் புத்தகம் போட்டுத் தரவில்லை, ஆனால் நமக்கும் பெயர்கள் இருந்தன. கொழும்புத் திட்டம் என்ற நாடுகளுக்கிடையிலான உதவித் திட்டத்தின் கீழ் 1954இல் இருந்து கனடா தந்த எம் 2 வகை டீசல் எஞ்சின்கள் இருக்கின்றன இல்லையா, அவற்றின் பக்கவாட்டில் ஒன்டாரியோ, அல்பேர்ட்டா, மனிட்டோபா என்று கனடாவின் மாகாணப் பெயர்கள் இருக்கும். அப்பா காலத்துப் பையன்கள் கனடாவின் வரைபடத்தைப் பாடப் புத்தகத்தில் காண்பதற்கு முன்பே அந்தப் பெயர்களை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டார்கள். 2004 டிசம்பர் 26 சுனாமியில் தெற்குக் கடற்கரையில் இருக்கிற பெரலியவில் அடித்துச் செல்லப்பட்ட கோச்சியை இழுத்துப் போனது 591ஆம் எண் மனிட்டோபா. பிறகு திருத்தி ஓடவிட்டார்கள். அந்த எண்ணைக் கண்டால் என் கை பேனாவை எடுப்பதற்கு முன் ஒரு நிமிசம் நின்றுவிடும், இப்போதும். எண் என்றால் வெறும் இலக்கம் என்று சொல்கிறவர்களுக்கு நான் காட்டுகிற எண் அது.

சரி, வீட்டுக்கு வருவோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாமா, அம்மா, தங்கச்சி, அவள் பிள்ளைகள் எல்லாரும் இருக்கும்போது அந்தத் தொடரின் பகுதிகளைப் போட்டேன். முதலில் யாரும் பேசவில்லை. பிறகு டிட்கொட் என்பது பழைய கிரேட் வெஸ்டர்ன் ரயில்வேயின் இடம், லண்டனில் இருந்து மேற்கே பிரிஸ்டலுக்குப் போகிற பாதை என்று நான் விளக்கினேன். அம்மா நிமிர்ந்து உட்கார்ந்து, "கிரேட்வெஸ்டனா? நம்ம கிரேட்வெஸ்டனா?" என்றார். தலவாக்கலைக்கும் நானுஓயாவுக்கும் நடுவில் நமக்கும் ஒரு கிரேட் வெஸ்டர்ன் ஸ்டேஷன் இருக்கிறதே, அம்மாவின் தங்கச்சி கட்டிப்போனது அந்தத் தோட்டத்துக்குத்தான். அங்கே அது ஒரு ரயில் கம்பனியின் பெயர், இங்கே மலை, தோட்டம், ஸ்டேஷன் மூன்றுக்கும் பெயர். அதற்குப் பிறகு அம்மா அந்த நிகழ்ச்சியை வேறு கண்ணால் பார்த்தார். சின்னம்மாவுக்குப் பிரசவ வலி வந்த இரவில் தான் எந்தக் கோச்சியைப் பிடித்துப் போனார், அது எவ்வளவு சுணங்கியது என்று அரை மணித்தியாலம் சொன்னார், திரையில் இங்கிலாந்து வண்டிகள் ஓடிக்கொண்டே இருந்தன.

மாமா வேறு விதம். அவர் வண்டியைப் பார்க்கவே இல்லை. "சல்லிக்கல்லு எவ்வளவு போட்டிருக்கான் பாரு. அந்த வளைவுல தண்ணி போக காண் வெட்டியிருக்கான் பாரு." தண்டவாளம், சிலிப்பர், ஓரத்து மண், அவ்வளவுதான் அவர் கண்ணுக்குப் பட்டது. பிள்ளைகள் பெட்டி எண்ணினார்கள். தங்கச்சி மட்டும், இந்த மனுசங்க எல்லாம் இவ்வளவு சந்தோசமா இருக்காங்களே என்று சொன்னாள், அது எனக்குப் பிடித்திருந்தது.

உங்கள் அப்பா அம்மா பேசிய "வேறு எதையோ" என்பதும் பெரும்பாலும் இப்படித்தான் இருந்திருக்கும். நிகழ்ச்சியைப் பிடித்திருக்கிறது, பிடிக்கவில்லை என்று அவர்கள் தீர்ப்பு சொல்ல உட்காரவில்லை. அதை ஒரு கதவு மாதிரித் திறந்துகொண்டு தங்கள் பாதைக்குப் போய்விட்டார்கள். ஒரு ரயில் நிகழ்ச்சி இதைவிடப் பெரிதாக எதைச் சாதிக்க முடியும்?

நோர்வேயில் நடந்ததையும் சொல்ல வேண்டும், ரயில் நிகழ்ச்சி பார்க்கிறவர்களின் மனசைப் பற்றி இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. பேர்கன் நகரத்தில் இருந்து ஒஸ்லோவுக்குப் போகிற பாதைக்கு 100 வயசு ஆனதை ஒட்டி, 2009 நவம்பர் 27 அன்று அந்த நாட்டு அரசு தொலைக்காட்சியான என்ஆர்கே, அந்தப் பயணத்தை ஒரு நிமிசம்கூட வெட்டாமல் ஏழு மணித்தியாலத்துக்கு மேல் ஒளிபரப்பியது. பெரும்பகுதி எஞ்சினின் முன்னால் இருக்கிற கமராதான். பாதை, பனி, சுரங்கம், மறுபடி பாதை. அந்தப் பாதையில் 182 சுரங்கங்கள், இருட்டு வருகிற நேரத்தில் பழைய படங்களைக் காட்டினார்கள். ஐம்பது இலட்சம் பேர்கூட இல்லாத நாட்டில் சுமார் 12 இலட்சம் பேர் ஏதாவது ஒரு நேரத்தில் அதைப் பார்த்தார்கள். தயாரித்தவர்களில் ஒருவர் பிறகு மேடையில் சொன்ன கதை இது: 76 வயசுப் பெரியவர் ஒருவர் முழுப் பயணத்தையும் பார்த்துவிட்டு, கடைசி ஸ்டேஷன் வந்ததும் தன் பையை எடுக்க எழுந்திருக்கிறார், தலை திரைச்சீலைக் கம்பியில் இடித்த பிறகுதான் தான் இருப்பது சொந்த வீட்டு ஹோல் என்று தெரிந்திருக்கிறது.

இந்தக் கதையை மாமாவிடம் சொன்னபோது அவருக்கு அதிசயமாகப் படவில்லை. "அது சரிதானே" என்றார். அவருக்கு அந்த வீடியோவைப் போட்டபோது, சுரங்கத்துக்குள் வண்டி நுழைகிற ஒவ்வொரு தடவையும் சுவரோரம் நிற்கிற ஆள் மாதிரித் தோளை உள்ளே இழுத்துக்கொண்டார். வண்டியில் போகிறவருக்குச் சுரங்கம் இருட்டு. உள்ளே வேலை செய்தவருக்கு, வண்டி வரும்போது ஒதுங்க இடம் தேடுகிற இடம்.

அதே என்ஆர்கே 2011இல் ஒரு கப்பல் பயணத்தை 134 மணித்தியாலம் நேரடியாகக் காட்டியது. ரயில் இல்லைதான், ஆனால் அதில் நடந்தது நம்ம கேள்விக்கு நேராகப் பொருந்துகிறது. கப்பல் வருகிறது, அதில் கமரா இருக்கிறது என்று தெரிந்ததும் கரையில் இருந்தவர்கள் கொடியும் பலகையும் தூக்கிக்கொண்டு வந்து கையசைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் மலையைவிட கரையில் நிற்கிற மனுசர்தான் நிகழ்ச்சியாகிவிட்டார்கள். எங்கள் லயத்துப் பிள்ளைகள் இதை ஒவ்வொரு நாளும் செய்கிறார்கள். பொடி மெனிக்கே என்ற பதுளைக் கோச்சி வருகிற சத்தம் கேட்டால் திட்டுக்கு ஓடிப்போய்க் கை காட்டுவார்கள். நானும் காட்டியிருக்கிறேன், என் அம்மாவும் காட்டியிருக்கிறார். அந்த வண்டியில் கமரா வைத்துக்கொண்டு எத்தனையோ பேர் போயிருக்கிறார்கள், படத்தில் நாங்கள் ஒரு வினாடி வருவோம், பிறகு தேயிலை வந்துவிடும்.

இங்கேதான் எனக்கு மனக்குறை. நம்ம பாதையைப் பற்றி வருகிற பயண நிகழ்ச்சிகள் கிட்டத்தட்ட எல்லாமே ஜன்னலில் இருந்து எடுத்தவை. எல்லவுக்கும் தெமோதரைக்கும் நடுவில் இருக்கிற ஒன்பது வளைவுப் பாலம் கட்டாயம் வரும், 91 மீற்றர் நீளம், 24 மீற்றர் உயரம், முதலாம் உலகப் போர்க் காலத்தில் இரும்பு கிடைக்காமல் செங்கல்லும் கருங்கல்லும் சீமெந்தும் வைத்தே கட்டியதாகச் சொல்லப்படுகிற கதையும் வரும். பிறகு பச்சை மலை, பிறகு தூரத்தில் கொழுந்து எடுக்கிற பெண்கள், புள்ளி புள்ளியாக. அப்படி ஒன்றைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது அம்மா, "கொஞ்சம் நிப்பாட்டு" என்றார். நிறுத்தினேன். திரைக்குக் கிட்டப் போய், "இந்தப் புள்ளக்கு படங்கு சரியா கட்டத் தெரியல, புதுசா பேர் பதிஞ்ச புள்ள போல" என்றார். படங்கு என்பது கொழுந்து எடுக்கிறவர்கள் இடுப்பைச் சுற்றிக் கட்டுகிற துணி. அந்த நிகழ்ச்சியைப் பார்த்த ஆயிரக்கணக்கான பேரில் அந்தப் பெண்ணை ஒரு ஆளாகப் பார்த்தவர் என் அம்மாவாகத்தான் இருக்கும்.

அதனால்தான் எண் குறிக்கிறவர்களைப் பற்றிய நிகழ்ச்சி, அழகான பயண நிகழ்ச்சியைவிட நம்ம ஆட்களுக்குக் கிட்டத்தில் இருக்கிறது. அதில் வருகிறவர்களும் வண்டிக்கு வெளியே நிற்கிறார்கள். அவர்களும் காத்திருக்கிறார்கள். வண்டி வருவதற்கு முன் சத்தத்தை வைத்தே எது என்று சொல்கிறார்கள். எங்கள் லயத்தில் மணிக்கூடு இல்லாத காலத்தில் கோச்சிதான் மணிக்கூடு. எந்தக் கோச்சிக்குப் பின்னால் கொழுந்து நிறுக்கப் போக வேண்டும், எந்தக் கோச்சிக்குள் சோறு வடித்திருக்க வேண்டும் என்று கணக்கு இருந்தது. 1979இல் ஜெர்மனியில் இருந்து வந்த எம் 6 எஞ்சின் ஏற்றத்தில் முக்குகிற சத்தமும், 2012இல் வந்த சீனத்து நீல வண்டியின் சத்தமும் அம்மாவுக்கு இன்றைக்கும் வேறு வேறாகத் தெரியும். இங்கிலாந்தில் இதற்கு ஒரு பெயரும் தொலைக்காட்சி நிகழ்ச்சியும் இருக்கிறது, எங்கள் லயத்தில் இதற்குப் பெயரே கிடையாது, அவ்வளவுதான் வித்தியாசம்.

இன்னொரு விசயம் இருக்கிறது, இதைச் சொல்லாமல் மலையகத்து ஆட்கள் ரயிலைப் பார்க்கிற பார்வையைப் பேசவே முடியாது. கோப்பியையும் பிறகு தேயிலையையும் கொழும்புக்கு இறக்கத்தான் இந்தப் பாதையை மேலே மேலே கொண்டுவந்தார்கள். கண்டிக்கு 1867, நாவலப்பிட்டிக்கு 1874, நானுஓயாவுக்கு 1885, பண்டாரவளைக்கு 1894, பதுளைக்கு 1924. 1 க்கு 44 ஏற்றத்தில் (44 மீற்றர் போனால் ஒரு மீற்றர் ஏறும்), 100 மீற்றர் ஆரம் மட்டுமே உள்ள வளைவுகளில், பட்டிப்பொலவில் கிட்டத்தட்ட 1,900 மீற்றர் உயரம் வரைக்கும் அகலப் பாதையை ஏற்றியிருக்கிறார்கள். மண் வெட்டியதிலும் கல் உடைத்ததிலும் தென்னிந்தியாவில் இருந்து வந்த நம்ம ஆட்களின் கை இருக்கிறது. அதே பாதையில்தான் பிறகு அவர்களைத் திருப்பி அனுப்பினார்கள். இலங்கையும் இந்தியாவும் செய்த 1964 சிறிமா சாஸ்திரி ஒப்பந்தப்படி 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியா எடுத்துக்கொள்வதாக ஏற்பாடு. பெட்டி, பாய், சட்டி பானையோடு மலையக ஸ்டேஷன்களில் ஏறி, தலைமன்னார் போய், அங்கிருந்து கப்பல். ஏறுகிறவர்களும் அழ, விட்டுவிட்டு நிற்கிறவர்களும் அழ, அந்த வண்டிக்கு ஒப்பாரிக் கோச்சி என்றே பெயர் வந்தது.

எங்கள் அம்மாயியின் அக்கா குடும்பம் அப்படிப் போனது. அவர்கள் நீலகிரியில், இலங்கையில் இருந்து போனவர்களுக்காகத் தமிழ்நாடு அரசு போட்ட தேயிலைத் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தார்கள். அந்தக் குடும்பத்துப் பெரியம்மா ஒருவர் இப்போது குன்னூர்ப் பக்கம் இருக்கிறார், வாட்ஸ்அப்பில் பேசுவோம். நீலகிரி மலை ரயிலைப் பற்றி பிபிசி எடுத்த நிகழ்ச்சியை அவருக்கு அனுப்பினேன். மேட்டுப்பாளையத்தில் இருந்து ஊட்டி வரைக்கும் 46 கிலோமீற்றர், கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவில் தண்டவாளங்களுக்கு நடுவில் இருக்கிற பற்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு 1 க்கு 12 ஏற்றத்தில் ஏறுகிற பாதை, நம்ம ஏற்றம் அதற்குப் பக்கத்தில்கூட வராது, அவருக்குப் பெருமையாக இருக்கும் என்று நினைத்தேன். நன்றாக இருந்தது என்றார். அப்புறம் நம்ம பாதையின் வீடியோ இருக்கிறதா என்று கேட்டார். ஹட்டனில் இருந்து தலவாக்கலை வரைக்கும் நான் கரையில் நின்று எடுத்த துண்டுகளை அனுப்பினேன். ஒரு நாள் கழித்துக் குரல் பதிவு வந்தது. "கொட்டகலை டேசன் போர்டுல நம்ம எழுத்து இன்னும் இருக்கு, பாத்தேன்." அதற்கு மேல் அவரால் பேச முடியவில்லை. சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் எழுதின அந்த போர்டு என் வீடியோவில் இரண்டு வினாடிதான் வரும்.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்து மலை சரிந்து, பாதை பல இடங்களில் உடைந்து கோச்சி நின்றுபோன நாட்களில் எங்கள் லயத்தில் ஒரு அமைதி இருந்தது, அதைக் கேட்டவர்களுக்குத்தான் தெரியும். இரவில் வண்டிச் சத்தம் இல்லாமல் மாமாவுக்குத் தூக்கம் வரவில்லை. அப்போது அவர் என் போனை வாங்கி, நான் பல வருசமாக எடுத்து வைத்திருந்த வீடியோக்களைப் போட்டு, படத்தைப் பார்க்காமல் போனைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு சத்தத்தை மட்டும் கேட்டார். வண்டிகளைப் படமெடுத்து வைப்பதால் என்ன பிரயோசனம் என்று யாராவது கேட்டால் இப்போது என்னிடம் இந்தப் பதில் இருக்கிறது.

இனி இரண்டாவது கேள்வி. நம்ம பாதையைத் தொடராக எடுக்கிறவர் முதலில் வண்டியில் இருந்து இறங்க வேண்டும். நாவலப்பிட்டியில் இறங்கலாம், அது ரயில் ஊர், அங்கே தேத்தண்ணிக் கடையில் அரை நாள் உட்கார்ந்தாலே ஒரு பகுதிக்கு வேண்டிய கதை கிடைக்கும்.

டேப்ளட் கட்டாயம் வர வேண்டும். மேலே ஒற்றைப் பாதை. இரண்டு ஸ்டேஷனுக்கு நடுவில் ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் இருக்கலாம். அதற்கு அத்தாட்சியாக ஒரு உலோக வில்லை, அதுதான் டேப்ளட். இரண்டு ஸ்டேஷனிலும் இருக்கிற கருவிகள் மின்கம்பியால் இணைந்திருக்கும், ஒரு வில்லை வெளியே வந்துவிட்டால் அது திரும்பக் கருவிக்குள் போகும் வரைக்கும் மற்றது வராது. அந்த வில்லையைத் தோல்பைக்குள் போட்டு, பெரிய வளையத்தில் கட்டி, பிளாட்போமில் ஒருவர் உயர்த்திப் பிடித்துக்கொண்டு நிற்பார், எஞ்சினில் இருந்து ஒரு கை வந்து அதை வாங்கும், பழையதை விட்டுப் போகும். மழையிலும் பனிமூட்டத்திலும் இதைச் செய்கிறார்கள். பயண நிகழ்ச்சிகளில் இது மூன்று வினாடி அழகுக் காட்சியாக வந்துபோகும். அந்த வளையத்தைப் பிடிக்கிறவரிடம் ஒருவராவது ஒரு கேள்வி கேட்டிருக்கலாம்.

தெமோதரை வளையத்தையும் நின்று காட்ட வேண்டும். ஸ்டேஷனை விட்ட வண்டி மலையைச் சுற்றி இறங்கி, அதே ஸ்டேஷனுக்கு நேர் கீழே இருக்கிற சுரங்கத்துக்குள் போகும். உள்ளே இருந்து எடுத்தால் இது விளங்கவே விளங்காது, வெளியே மேட்டில் நின்றால்தான் விளங்கும். என் பேச்சுக்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை.

நானுஓயாவில் இருந்து நுவரெலியா வழியாக இராகலைக்கு 1904 வாக்கில் முழுதாக ஓடத் தொடங்கி 1940களில் மூடப்பட்ட சின்னப் பாதையைத் தேடி ஒரு பகுதி எடுக்கலாம். கடுகண்ணாவையில் 2014இல் திறந்த ரயில் நூதனசாலையும் இருக்கிறது. ஆனால் இவற்றை எல்லாரும் செய்வார்கள். யாரும் காட்டாதது ரயில் ரோட்டு வேலைக்காரர்களை. விடிய முன்னால் தண்டவாளத்தில் நடந்து, மண் சரிந்திருக்கிறதா, கல் உருண்டிருக்கிறதா என்று பார்க்கிறவர்கள். முதல் வண்டியில் போகிறவர்கள் பாதுகாப்பாகப் போவது அவர்கள் கண்ணால்.

ஒன்றை மட்டும் காட்டவே வேண்டாம் என்பேன், படிக்கட்டில் தொங்கிக்கொண்டு எடுக்கிற படம். அப்படி விழுந்து செத்தவர்கள் இருக்கிறார்கள், அந்த உடம்பை எடுக்க ஓடியது கரையில் இருக்கிற நம்ம ஆட்கள். இங்கிலாந்தில் 1944இல் டாம்வொர்த் என்ற இடத்தில் பையன்கள் தண்டவாளத்தில் இறங்கிப் பிரச்சினையான பிறகு, இயன் அலன் தொடங்கிய சங்கத்தில் சேருகிற பிள்ளைகள் பாதைக்குள் இறங்க மாட்டோம் என்று ஒப்புக்கொள்ள வேண்டும் என்று வைத்தார்கள். நீங்கள் எண் குறிக்கத் தொடங்குகிறீர்கள் என்றால் நீங்களும் அதே சொல்லைக் கொடுத்துவிட்டுத் தொடங்குங்கள் தம்பி. மேட்டில் நின்றாலே எண் நன்றாகத் தெரியும், நான் அப்படித்தான் எழுதுகிறேன்.

எடுக்கிறதற்கு உண்மையிலேயே யாராவது கிடைத்தால் கொட்டகலைக்கு அனுப்பிவையுங்கள். அம்மாவிடம் இதைப் பற்றிச் சொன்னேன். "கோச்சிய விட்டு எறங்கி வரச் சொல்லு, தேத்தண்ணி ஊத்தி வைக்கிறேன்" என்றார். கோச்சிக்கு ஒரு மணித்தியாலம் முந்தி வந்தால் நல்லது, சிங்கமலைக்குள் வண்டி நுழையும்போதே எந்த எஞ்சின் என்று மாமா சொல்லிவிடுவார், கமராவைத் திருப்பி வைக்க நேரம் இருக்கும்.